அப்பா திடீரென்று மாறிவிட்டாரா? மாத்திரைச் சீட்டையும் பாருங்கள்

(திரையில்: தி.நகர் ரங்கநாதன் தெரு, மாலைக் கூட்டம்)

வணக்கம். அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை ஆரம்பித்த பிறகு கை நடுக்கம் குறைந்திருக்கிறது, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் காலமெல்லாம் காசை எண்ணி எண்ணிச் செலவழித்த மனிதர், இப்போது தி.நகர் போனால் ஒரே மாதிரி நாலு சட்டையோடு வருகிறார், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு மொபைலில் பணம் கட்டிச் சீட்டு ஆடுகிறார். வயதான காலத்தில் புத்தி இப்படிப் போகிறதே என்று திட்டுவதற்கு முன்னால் அந்த மாத்திரையின் பெயரைப் பாருங்கள்.

(திரையில்: மூளையின் படம்)

பார்க்கின்சனில், உடம்பின் அசைவை நடத்தும் டோபமைன் என்கிற ரசாயனத்தைச் சுரக்கும் மூளைச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள், டோபமைன் போய் உட்காரும் இடத்தில் அதற்குப் பதிலாக உட்கார்ந்து அசைவைச் சுலபமாக்கும். ஆனால் ஆசையை, 'இன்னும் வேண்டும்' என்கிற துடிப்பை நடத்துவதும் இதே டோபமைன்தான். அங்கேயும் மாத்திரை வேலை செய்துவிடுகிறது. சூதாட்டம், ஓயாத ஷாப்பிங், நடுராத்திரித் தீனி, அடக்க முடியாத பாலுணர்வு. கடைசியாகச் சொன்னதை அம்மா பிள்ளைகளிடமும் சொல்லமாட்டார், டாக்டரிடமும் சொல்லமாட்டார். 2010-இல் வெளியான, 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், இந்த வகை மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கு இப்படி ஏதோ ஒன்று இருந்தது, எடுக்காதவர்களில் சுமார் 7 சதவீதம்தான். ஆகவே தயவுசெய்து இதைக் குணக்கேடாகப் பார்க்காதீர்கள்.

சரி, அப்போது நிறுத்திவிடலாமா? நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென்று விட்டால் பதற்றம், வியர்வை, மனச்சோர்வு எல்லாம் வரும், அபூர்வமாகக் கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். டோஸை நரம்பியல் டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

இந்த மாத்திரையால் வரும் இன்னொன்று, தூக்கம். கொட்டாவிகூட வராமல் சட்டென்று கண் சொருகிவிடும், அண்ணா சாலையில் ஸ்கூட்டரில் போகும்போது அப்படி ஆனால் என்ன ஆகும்? பகலில் தூங்கி விழுகிறார் என்றால் சாவியை வாங்கி வைத்துவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தமும் இறங்கும். நம் ஊர் மே மாத வெயிலில் உடம்பில் நீர் வற்றினால் இன்னும் மோசம், கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

அப்புறம், குமட்டலுக்கு மருந்துக்கடையில் கேட்டு மெட்டோகுளோபிரமைடு வாங்கிக் கொடுக்காதீர்கள், அது டோபமைனைத் தடுத்து நடுக்கத்தைக் கூட்டும். பூனைக்காலி விதைப் பொடியிலும், மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லீவோடோபா என்கிற பார்க்கின்சன் மருந்து இருக்கிறது, மூலிகைதானே என்று சேர்த்தால் டோஸ் கூடிவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், பிராமிபெக்ஸோல் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்க அப்பாவைத் தனியாக அனுப்பாதீர்கள். எந்த மாதம் டோஸ் கூடியது, எந்த மாதம் செலவு கூடியது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். டோஸ் குறைந்து அவர் பழையபடி ஆகும்வரை மொபைலில் பணம் அனுப்பும் வரம்பைக் குறைத்து வையுங்கள், அதையும் அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.