கழுத்து நரம்புக் கட்டியும் விழுங்கும் சிரமமும்

மூணாறு, தேவிகுளம், பீருமேடு மலைத் தோட்டங்களில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு வணக்கம்.

கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். கப்பைக்கிழங்கு தொண்டையிலேயே நின்றுவிடுவதாகவும், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடித்தால்தான் இறங்குவதாகவும் சொன்னார். கழுத்தின் வலப்பக்கத்து வீக்கம் வலிக்காததால், "நெறி கட்டியிருக்கு, தானா அமுங்கிடும்" என்று இரண்டு ஆண்டுகள் விட்டுவைத்திருந்தார். கழுத்து வீங்கினால் ஒன்று நெறி, இல்லையென்றால் தைராய்டு என்பது நம் வழக்கம். எச்சில் விழுங்கும்போது தைராய்டு வீக்கம் மேலேறி இறங்கும்; இவருடையது ஏறவில்லை. விரலால் தள்ளினால் பக்கவாட்டில் மட்டும் அசைந்தது. அழுத்தியதும் வறட்டு இருமல் வந்தது. அந்த இருமல்தான் எனக்கு வழிகாட்டியது.

மண்டையின் அடியிலிருந்து புறப்பட்டு, கழுத்தின் பெரிய இரத்தக் குழாய்களை ஒட்டியே இறங்கி, குரல்நாணையும் தொண்டைத் தசைகளையும் இயக்கும், அழுத்தினால் இருமலைத் தூண்டும் வேகஸ் என்ற நரம்பின் உறையில் முளைக்கும் கட்டி இது. தியோடர் ஷ்வான் என்ற ஜெர்மானியர் விவரித்த உறைச் செல்களிலிருந்து உருவாவதால் ஷ்வான்னோமா என்கிறோம். பெரும்பாலும் இது புற்றுநோயல்ல. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். சிலருக்கு வெளியே வீக்கமே தெரியாமல், தொண்டைச் சுவரை உள்நோக்கித் தள்ளி வழியைக் குறுக்கும்.

ஆகவே மருத்துவரிடம் போகும்போது, முதலில் இறங்க மறுத்தது சோறா தண்ணீரா என்று மறக்காமல் சொல்லுங்கள். சோறு முதலில் சிக்கினால் வழியில் அடைப்பு இருக்கலாம். தண்ணீர் புரையேறினால் நரம்பே தளர்ந்திருக்கலாம். குரல் கம்மியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்க்காமல் இந்த இடத்தில் கத்தி வைப்பதற்கு நான் உடன்படுவதில்லை. இதே இடத்தில் இரத்தக் குழாயையொட்டி வளரும் வேறொரு கட்டி, தொட்டால் இரத்தத்தைக் கொட்டக்கூடியது. அறுவையில் நரம்பிழைகளை நெடுக்கில் பிரித்து, உறைக்குள்ளிருந்து கட்டியை மட்டும் எடுக்க முயல்வோம். அப்படியும் குரல் கரகரக்கலாம், விழுங்குவது முன்பைவிடச் சிரமமாகலாம். கையெழுத்து வாங்குமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விடுவது, எனக்குத் தெரிந்தவரை, அறுவையைவிடப் பெரிய காயம்.

அறுவைக்குப் பின் அந்த அம்மாவுக்கும் தண்ணீர் புரையேறியது. நிமிர்ந்து உட்கார்ந்து, தளர்ந்த வலப்பக்கமாக முகத்தைத் திருப்பி விழுங்கப் பயிற்சி கொடுத்தோம். கட்டன்சாயாவை நிறுத்திவிட்டு, சில வாரங்கள் கெட்டியான கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் குடித்தார்.