பிள்ளை அழுதால் ஆராதனையை விட்டுப் போகவேண்டுமா?

அடுத்த கேள்வி உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. வாசிக்கிறேன். “ஐயா, எனக்கு மூன்று வயதில் ஒரு மகன், எட்டு மாதத்தில் ஒரு மகள். கணவர் கட்டாரில் வேலை. போன மாதம் பிரசங்க நேரத்தில் மகன் ஓடித் திரிந்தான், மகள் அழுதாள். முன்வாங்கில் இருந்த மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் போகவில்லை, போனில்தான் ஆராதனை பார்க்கிறேன். பிள்ளைகள் வளரும்வரை இப்படியே இருந்தால் பாவமா?”

பாவம் என்று சொல்லமாட்டேன் தங்கச்சி. எந்தச் சபை என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் சபையாகக்கூட இருக்கலாம். ஏனென்றால், சில வருடங்களுக்கு முன் இதே திருகோணமலையில் நானே இதைச் செய்திருக்கிறேன். ஒரு பிள்ளை குளறிக்கொண்டிருந்தது. நான் பிரசங்கத்தை நிறுத்தி, “பிள்ளையைக் கொஞ்சம் வெளியே கொண்டுபோங்கள்” என்று மைக்கில் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன் என்று அப்போது நினைப்பு. அந்தத் தாய் பால்போத்தலைக்கூட எடுக்காமல் எழும்பிப் போனார். போத்தல் வாங்கிலேயே கிடந்தது. அதைக் கொடுக்கிற சாட்டில்தான் மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணீர் தந்தார்கள், நன்றாகக் கதைத்தார்கள். ஆனால் திரும்பி வர ஐந்தாறு மாதம் எடுத்தது.

மாற்கு 10-ஆம் அதிகாரம் எல்லாருக்கும் தெரியும். “சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்” என்று சுவரிலும் எழுதி வைத்திருக்கிறோம். அதற்கு முந்தின வசனத்தை, 13-ஐ, எடுத்துப் பாருங்கள். சீஷர்கள் அதட்டியது யாரை? பிள்ளைகளை அல்ல, “கொண்டு வந்தவர்களை”. அதாவது உங்களை. முன்வாங்கிலிருந்து வந்த அந்தப் பார்வை உங்கள் மகனுக்குப் பட்டிருக்காது, அவன் பாட்டுக்கு ஓடியிருப்பான். உங்களுக்குத்தான் சுட்டது. அதட்டியவர்கள் கெட்டவர்களும் இல்லை, இயேசுவோடு கூடவே திரிந்தவர்கள். அவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். அவரோ “விசனமடைந்து” பேசினார் என்று எழுதியிருக்கிறது. அந்த விசனம் பிள்ளைகள்மேல் இல்லை, தன் சொந்த ஆட்கள்மேல். ஆகவே பதில் சொல்லவேண்டியது நீங்கள் இல்லை, சபை. போதகர் என்ற முறையில் முதலில் நான்.

எங்கள் சபையில் நாங்கள் மாற்றியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை, இடத்தைத்தான். முன்பெல்லாம் கைக்குழந்தையோடு வருகிறவர்களைக் கடைசி வாங்கில், வாசல் பக்கம் இருத்துவோம். எழும்பிப் போக வசதி என்று. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கடைசி வாங்கிலிருந்து என்ன தெரியும்? முன்னால் இருக்கிற மாமியின் கொண்டையும் மாமாவின் சேர்ட்டும்தான். பிறகு ஓடாமல் என்ன செய்யும்? இப்போது முன்னால் இரண்டாவது வாங்கு, பக்கக் கதவோரம், காற்றாடிக்குக் கீழே அவர்களுக்கு. அங்கிருந்து அப்பம் பிட்கிறது தெரியும், ஆர்மோனியம் வாசிக்கிற கை தெரியும். ஒரு பொடியன் காணிக்கைப் பையில் இருபது ரூபாய்க் குற்றியைப் போட்டுவிட்டு, அடுத்த வாங்குக்குப் பை போனதும் “என்ர காசு!” என்று கத்தினான். சபையே சிரித்தது. அடுத்த கிழமையும் போட்டான், கத்தவில்லை. காணிக்கை என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

“அதுக்குத்தானே ஐயா ஞாயிறு பாடசாலை இருக்கிறது?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். இருக்கிறது, நல்லது, நானும் அதில் வளர்ந்தவன்தான். ஆனால் 1780-இல் இங்கிலாந்தில் குளொஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரேய்க்ஸ் அதைத் தொடங்கியது, கிழமை நாட்களில் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து வாசிப்புச் சொல்லிக்கொடுக்க. பெரியவர்கள் நிம்மதியாக இருந்து பிரசங்கம் கேட்க இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களில் குண்டு வெடித்ததற்குப் பிறகு நம் கிழக்கு மாகாணத்தில் பிள்ளையைக் கண்ணுக்கு அப்பால் அனுப்பப் பல தாய்மாருக்கு மனம் வருவதில்லை. மட்டக்களப்பில் அன்று உயிர் போனவர்களில் எத்தனையோ பேர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். பக்கத்தில் வைத்திருக்க விரும்புகிற தாயிடம் “வகுப்புக்கு அனுப்புங்கோ” என்று வற்புறுத்த எனக்கு வாய் வராது.

சரி, மற்றப் பக்கமும் இருக்கிறது. காது மெசின் போட்ட ஒரு அப்பப்பா என்னிடம் சொன்னார், பிள்ளை கத்தினால் தனக்கு மெசினுக்குள் இடி விழுகிற மாதிரி என்று. அது உண்மை. அதனால் பிள்ளை கதைக்கிறது, சிணுங்குகிறது, கீழே விழுந்த போத்தல் உருளுகிறது, இதெல்லாம் இருக்கட்டும். விடாமல் குளறினால் பக்கக் கதவால் விறாந்தைக்குப் போங்கள், அங்கேயும் ஒரு ஸ்பீக்கர் பூட்டியிருக்கிறோம். அழுகை அடங்கினதும் உள்ளே வரவேண்டும், அதுதான் முக்கியம். பால் கொடுக்கவேண்டுமென்றால் இருந்த இடத்திலேயே கொடுக்கலாம். அதைப் பற்றி யாராவது முணுமுணுத்தால் என்னிடம் அனுப்புங்கள்.

பிரசங்கத்தையும் நாற்பத்தைந்து நிமிடத்திலிருந்து இருபத்தைந்துக்குக் குறைத்தேன். பிள்ளைகளுக்காக என்றுதான் அறிவித்தேன். கைகொடுத்து நன்றி சொன்னவர்கள் எல்லாரும் அறுபது தாண்டியவர்கள்!

உங்களுக்கு, தங்கச்சி, நான் சொல்வது இதுதான். ஞாயிறு வரைக்கும் பார்த்திருக்காமல் இந்தக் கிழமைக்குள் உங்கள் போதகருக்கு ஒரு கோல் எடுங்கள். “இரண்டு பிள்ளையோடு தனியாக வருகிறேன், முன்னால் இடம் வேண்டும், ஒரு ஆள் துணை வேண்டும்” என்று நேராகக் கேளுங்கள். கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்க ஆசைப்படுகிற அம்மம்மாமார் எல்லாச் சபையிலும் இருப்பார்கள், கேட்காமல் கை நீட்டக் கூச்சப்படுவார்கள், அவ்வளவுதான். முதல் நாள் முழு ஆராதனையும் இருக்கவேண்டும் என்று இல்லை, பாட்டு முடியும்வரை இருந்தாலும் போதும். மகனுக்கு அந்த ‘கீச் கீச்’ என்று சத்தம் போடுகிற செருப்பு இருந்தால் அதை மட்டும் வாசலில் கழற்றிவிடுங்கள், அதற்கு நானும் திரும்பிப் பார்ப்பேன்.

அந்த மூன்று பேரில் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த முறை திரும்பும்போது கையையும் நீட்டுங்கள், பிள்ளையை வாங்க.

அடுத்தது மூதூரிலிருந்து, ஞானஸ்நானம் பற்றி.