கார்ட்டூன் தொடங்கும்போது வரும் அந்த ‘ட்டொயிய்ங்’ சத்தம்: வாசித்தது யார் தெரியுமா?

[திரை கறுப்பு. முதலில் சத்தம் மட்டும்.]

வணக்கம் மக்களே! இந்தச் சத்தம் கேட்டதுமே உங்கள் தலைக்குள் ஒரு படம் ஓடியிருக்குமே? வட்ட வட்டமாக வண்ண வளையங்கள். நடுவிலிருந்து வார்னர் பிரதர்ஸ் கேடயம் நம் மூக்கில் வந்து இடிக்கிற மாதிரி பாய்ந்து வரும். ‘ட்டொயிய்ய்ங்!’ அடுத்த நொடி லூனி ட்யூன்ஸ் தொடங்கிவிடும்.

ஏதோ பெரிய ஸ்பிரிங்கை இழுத்து விட்ட சத்தம் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஸ்பிரிங் இல்லை. கிட்டார்! மடியில் படுக்கவைத்து வாசிக்கிற ஸ்டீல் கிட்டார். வாசித்தவர் பெயர் ஃப்ரெடி டவாரெஸ். ஹவாயின் மாவி தீவில் 1913இல் பிறந்தவர். இன்னொன்றையும் கேளுங்கள்: ராக் இசைக் கச்சேரிகளில் தோளில் தொங்குமே, ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், அதை வடிவமைத்தவர்களில் ஒருவரும் இதே டவாரெஸ்தான். 1953இல் ஃபெண்டர் நிறுவனத்தில் சேர்ந்தார், அடுத்த வருஷமே அந்தக் கிட்டார் கடைக்கு வந்துவிட்டது. கிட்டார் பிரியர்கள் அவரை அதற்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் வாசித்த இந்த ஒரு நொடியைக் கேட்காத குழந்தை உலகத்தில் உண்டா? அவர் பெயர் மட்டும் அந்தக் குழந்தைகளில் யாருக்கும் தெரியாது. இன்றைக்கு வீடியோ அதற்காகத்தான்.

[தலைப்பு அட்டை]

சரி, முன்கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். ஹவாயின் ஓவாஹு தீவில் லாயியே என்று ஓர் ஊர். அங்கே 1874இல் பிறந்த ஜோசப் கெகுகு என்ற பையன், பள்ளிக்கூட வயதிலேயே கிட்டார் தந்தியின் மேல் ஓர் உலோகத் துண்டை வைத்து வழுக்கிப் பார்த்தான். ரயில் பாதையில் கிடந்த போல்ட் என்று ஒரு கதை, சீப்பு என்று ஒரு கதை, கத்தி என்று ஒரு கதை. அவனுக்கு முன்பே, இந்தியாவில் பிறந்ததாகச் சொல்லப்படும் கேப்ரியல் டேவியன் என்ற மாலுமி ஹொனலுலுவில் இப்படி வாசித்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. எது எப்படியோ, அதை ஒரு வாசிப்பு முறையாகவே வளர்த்து, 1904இல் ஹவாயை விட்டுக் கிளம்பி ஊர் ஊராகப் பரப்பியவர் கெகுகுதான். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பிரமாண்டமான உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே ஹவாய் இசையைக் கேட்ட அமெரிக்காவுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. 1930களில் மின்சாரக் கிட்டார் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோதுகூட அது மடியில் வைத்து வாசிக்கிற ஸ்டீல் கிட்டார்தான். அவ்வளவுதான் வரலாறு. இனி எனக்குப் பிடித்த பகுதி.

[திரையில்: மேலிருந்து எடுத்த காட்சி. மடியில் கிட்டார், இடது கையில் ஸ்டீல் பார்.]

இந்தக் கையைப் பாருங்கள். சாதாரணக் கிட்டாரில் விரல் தந்தியை அழுத்தி மெட்டில், அதாவது பலகையில் குறுக்கே பதித்த கம்பியில், உட்காரவைக்கும். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்குப் போனால் சுரம் படிப்படியாகத்தான் ஏறும். இங்கே தந்திகள் பலகையிலிருந்து நன்றாக எழும்பி நிற்கின்றன. பலகையில் கோடுகள் இருக்கும், ஆனால் அவை கண்ணுக்கு அடையாளம் மட்டும்தான். கையில் இருக்கும் உலோகத் துண்டு, அதாவது ‘பார்’, தந்தியைத் தொட்டபடி வழுக்கிக்கொண்டே போகும், சுரமும் இடைவெளியே இல்லாமல் கூடவே ஏறும். தந்தியின் பாதித் தூரம் போனால் ஒரு முழு ஸ்தாயி ஏறியிருக்கும்.

இப்போது அந்தக் கேடயத்தை மறுபடி பாருங்கள். தூரத்தில் சின்னதாக இருக்கும்போது சுரம் கீழே. பெரிதாக ஆக ஆக சுரம் மேலே. முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும்போது பாரும் நிற்கிறது, தந்தி மட்டும் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. கண் பார்ப்பதும் காது கேட்பதும் ஒரே கோட்டில் போகின்றன! பியானோவில் இதைச் செய்ய முடியாது. சாதாரணக் கிட்டாரில் செய்தாலும் நடுவில் படிகள் கேட்டுவிடும்.

கர்நாடக இசை கேட்கிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். இது ஜாரு! மேலே போனால் ஏற்ற ஜாரு, கீழே வந்தால் இறக்க ஜாரு. மெட்டே இல்லாத வாத்தியத்தில், வழவழப்பான உருளையைத் தந்தியின் மேல் வழுக்கி வாசிக்கிற கலை நம்மிடமும் உண்டு, கோட்டுவாத்தியம். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளின் பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு ஒரு நல்ல ஸ்டீல் கிட்டார் துண்டைக் கேளுங்கள். இசை வேறு, மரபு வேறு. ஆனால் தந்தி பேசுகிற விதத்தில் ஓர் உறவு இருப்பது காதுக்குத் தெரியும்.

இன்னொரு அருமையான விஷயம் இருக்கிறது. ஸ்டீல் கிட்டாருக்குச் சுருதி கூட்டுகிற முறைகள் பல. அதில் ‘ஹவாய் வாசனை’ தூக்கலாக வருகிற முறைக்கு சி சிக்ஸ் என்று பெயர். ஒஹையோ மாநிலத்துக்காரர் ஜெர்ரி பேர்ட் இதில் பெரிய மேதை. அமெரிக்காவின் கன்ட்ரி இசை நகரமான நாஷ்வில்லில் புகழோடு இருந்தவர், 1970களில் ஹொனலுலுவுக்கே குடிபோய் அங்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த சி சிக்ஸில் என்னென்ன சுரங்கள் தெரியுமா? ஸ, க, ப, த. அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம். கொஞ்சம் பாடிப் பாருங்கள்.

[இடைவெளி. சுரங்கள் ஒலிக்கின்றன: ஸ… க… ப… த…]

மோகன ராகம்! ரிஷபம் (ரி) மட்டும் இல்லாத மோகனம். எதையும் அழுத்தாமல், ஆறு தந்தியையும் சும்மா வருடினாலே இந்த நாலு சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும். இதைக் கண்டுபிடித்த நாளில் நான் குதித்தே விட்டேன். மோகனம் கேட்டால் மனசு லேசாகிறது என்பது நமக்குத் தெரியும். கார்ட்டூனில் அந்தத் தந்தியை வருடியதும் ‘சரி, இங்கே யாருக்கும் எதுவும் ஆகாது’ என்று ஒரு குழந்தைக்குத் தோன்றுகிறதென்றால், அந்த நாலு சுரங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கமென்டில் சண்டைக்கு வாருங்கள், காத்திருக்கிறேன்.

[திரையில்: கடலடி, குமிழிகள், வானத்தில் பூ வடிவங்கள்]

குமிழியைப் பார்த்ததும் எங்கே வந்திருக்கிறோம் என்று புரிந்திருக்கும். ஸ்பாஞ்ச்பாப் ஸ்கொயர்பேண்ட்ஸ், கடலடியில் வாழும் மஞ்சள் நிற ஸ்பாஞ்ச் ஒன்றின் கார்ட்டூன். 1999 மே மாதம் நிக்கலோடியனில் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. தொலைக்காட்சி அனிமேஷனில் ஸ்டீல் கிட்டாருக்கு இதைவிடப் பெரிய வீடு கிடையாது என்பது என் கட்சி.

இதை உருவாக்கிய ஸ்டீபன் ஹிலன்பர்க் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிப் பாடம் நடத்தியவர். நிக்கலோடியன் அதிகாரிகளிடம் கதை சொல்லப் போனபோது என்ன செய்தார் தெரியுமா? ஹவாய் சட்டை போட்டுக்கொண்டார். பாத்திரங்களின் பொம்மைகளை வைத்துக் கடலடி மாதிரி செய்த ஒரு கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பின்னணியில் ஹவாய் இசையை ஓடவிட்டார். முதல் எபிசோட் வருவதற்கு முன்பே, அந்த உலகத்துக்கு எந்த வாத்தியம் குரல் கொடுக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார்!

ஆனால் காசு வேண்டுமே. ஒவ்வொரு எபிசோடுக்கும் இசையமைப்பாளரை வைத்துப் புதிதாக எழுதி வாசிக்கவைப்பது பெரிய செலவு. அதனால் இசைத் தொகுப்பாளர் நிக்கலஸ் கார், இசை நூலகங்களிலிருந்து துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டினார். இசை நூலகம் என்றால், யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று முன்கூட்டியே பதிவுசெய்து வைத்த இசைத் துண்டுகளின் கிடங்கு. ‘கடற்கரை’, ‘துரத்தல்’, ‘சோகம்’ என்று தேவைக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம். கேபிஎம், டி வுல்ஃப் மாதிரி லண்டன் நிறுவனங்கள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவை. ஹவாய் இசைக் குடும்பத்தில் பிறந்த கபோனோ பீமரின் துண்டுகளும் அந்தக் கார்ட்டூனுக்குள் வந்தன.

அது போதாமல், நிகழ்ச்சிக்கென்றே வாசித்தவர்களும் உண்டு. அவர்களில் என் நாயகன் ஜெரமி வேக்ஃபீல்ட். வெஸ்டர்ன் ஸ்விங் என்று ஒரு இசை வகை, கிராமத்து ஆட்டப் பாட்டும் ஜாஸும் கலந்தது. அதை வாசிக்கிற தி லக்கி ஸ்டார்ஸ் என்ற குழுவின் ஸ்டீல் கிட்டார்காரர் இவர். அதே குழுவின் சேஜ் கைட்டனும் இவரும் சேர்ந்து ஸ்பாஞ்ச்பாப்புக்கு இசை எழுதினார்கள்.

இப்படி ஒரு காட்சியை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்ச்பாப்பின் சிடுசிடு பக்கத்து வீட்டுக்காரன் ஸ்குவிட்வர்ட், கல் தலை வடிவத்தில் இருக்கும் தன் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து கிளாரினெட்டை எடுக்கிறான். ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் முகம் ஒன்று எழும்புகிறது. ‘ஹாய்!’ ஸ்குவிட்வர்டின் இமை பாதி மூடுகிறது. ஒரு வார்த்தை இல்லை. அந்த மௌனத்தில் ஸ்டீல் கிட்டார் மூன்று சுரம் இறங்கும், கடைசிச் சுரம் வளைந்து தொங்கும். அங்கேதான் நாம் சிரிக்கிறோம். சத்தத்தை அணைத்துவிட்டு இது மாதிரி ஒரு காட்சியைப் பாருங்கள், சிரிப்பு பாதியாகக் குறைந்துவிடும். வசனம் எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் கொடுக்கிற கைதட்டலில் மூன்றில் ஒரு பங்கு அந்தக் கைக்குப் போகவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஏன் இந்த வாத்தியம் மட்டும் ஆள் பேசுகிற மாதிரி இருக்கிறது? நாம் பேசும்போது நம் குரலும் வழுக்கித்தான் ஏறி இறங்குகிறது. ‘அப்படியாஆ?’ என்று இழுத்துச் சொல்லிப் பாருங்கள், அது ஒரு ஜாரு. கூடவே பலர் காலடியில் ஒரு வால்யூம் பெடல் வைத்திருப்பார்கள். தந்தியைத் தட்டுகிற நொடியில் ஒலியைக் குறைத்துவிட்டு, தட்டிய பிறகு கூட்டுவார்கள். தட்டிய சத்தமே கேட்காது, மூச்சிலிருந்து குரல் கிளம்புகிற மாதிரி சுரம் கிளம்பும். இதை நிஜமாகவே பேசவைத்தவர் ஆல்வினோ ரே என்ற இசைக்குழுத் தலைவர். ‘ஸ்ட்ரிங்கி’ என்று பேசும் ஸ்டீல் கிட்டார் ஒன்றை 1940களில் மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் மனைவி மறைவில் நின்று, தொண்டையில் ஒரு மைக்கைப் பொருத்திக்கொண்டு உதட்டை அசைப்பார், கிட்டார் வார்த்தை பேசும். படத்தில் பார்த்தால் கண்ணும் வாயும் வைத்த கிட்டார் பொம்மை ஒன்று பாடுகிறது! முழுக் கார்ட்டூன் பாத்திரம்.

[இசை நிற்கிறது.]

இதைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. ஸ்பாஞ்ச்பாப் வாழும் ஊரின் பெயர் பிகினி பாட்டம். அந்தப் பெயர் மார்ஷல் தீவுகளில் இருக்கும் பிகினி பவளத் தீவிலிருந்து வந்தது. 1946இல் அங்கே வாழ்ந்த 167 பேரை அமெரிக்கா வெளியேற்றியது. 1958 வரை 23 அணுகுண்டுச் சோதனைகள். இன்றுவரை அந்த மக்கள் ஊர் திரும்பி நிரந்தரமாகக் குடியேற முடியவில்லை. ஹவாயும் அப்படித்தான்: 1893இல் அதன் ராணியை அரியணையிலிருந்து இறக்கினார்கள், 1898இல் அமெரிக்கா அந்தத் தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. கெகுகு ஊரைவிட்டுக் கிளம்பியது அதற்கு ஆறு வருஷம் கழித்து. அமெரிக்கர்களுக்கு விடுமுறை, கடற்கரை, சோம்பல் என்று கேட்கிற இந்த ஒலியை, நாடு பறிபோன தலைமுறை ஒன்று கையில் தூக்கிக்கொண்டு உலகம் சுற்றியது. கார்ட்டூனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை, நானும்தான் சிரிக்கிறேன். சிரிக்கிறவர்களுக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

[இசை மீண்டும்.]

அப்புறம், இந்தியாவுக்கும் இந்த வாத்தியம் வந்தது. டாவ் மோ என்ற ஹவாய் கலைஞர் 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார், சொல்லியும் கொடுத்தார். வங்காளத்தில் ஹவாய் கிட்டார் வீட்டு வாத்தியமாகவே ஆனது, இந்தித் திரையிசைக்குள்ளும் நுழைந்தது. அது தனியாக ஒரு வீடியோவுக்கான சரக்கு.

அதற்கு உங்கள் உதவி வேண்டும். பழைய தமிழ்த் திரைப்பாடல்களின் இடையிசையில் வழுக்கிக்கொண்டு போகிற ஹவாய் கிட்டாரைக் கேட்டிருக்கிறீர்களா? எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிஷம் என்று கமென்டில் போடுங்கள். வாசித்த கலைஞரின் பெயர் உறுதியாகத் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த வீடியோவில் பாட்டோடு அந்தப் பெயரையும் திரையில் போடுகிறேன்.