கீசர் சுவிட்சை ஆஃப் பண்ணினா போதாது! பூட்டின வீட்டுக்குள்ள நிக்குது 25 லிட்டர் உப்புத் தண்ணி

[திரையில்: பூட்டிக் கிடந்த வீட்டின் குளியலறை. கீசருக்குக் கீழே சுவரில் செம்பழுப்பு ஒழுக்கு.]

சுவர்ல இறங்கியிருக்கிற இந்தத் துருக் கோட்டைப் பாருங்க. வீட்டுல ஆள் இல்ல, சுவிட்சும் ஆஃப். ஆனாலும் டேங்க் ஓட்டையாயிருச்சு. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, ராமேஸ்வரம்னு நம்ம கரையில சபர் (வெளிநாட்டுப் பயணம்) போற குடும்பங்க ஆறு மாசம், எட்டு மாசம் வீட்டைப் பூட்டிட்டுப் போறது சகஜம். கேஸை மூடுவாங்க, ஃப்ரிட்ஜைக் காலி பண்ணுவாங்க. கீசர் மட்டும் நிறைகுடமா நிக்கும், அதுவும் உவர்ப்பு போர் தண்ணியோட.

அமெரிக்கா, கனடாவுல காரோட பின்னால இழுத்துட்டுப் போற வீட்டுவண்டி வச்சிருக்கவங்க, குளிர்காலத்துக்கு முன்னாடி அதுல இருக்கிற ஹீட்டரைக் கட்டாயம் காலி பண்ணிருவாங்க. அந்த ஹீட்டர்ல பரவலா இருக்கிற அளவு 6 கேலன், அதாவது சுமார் 23 லிட்டர். நம்ம குளியலறையில தொங்குறதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். தண்ணி உறைஞ்சா ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். 23 லிட்டர் தண்ணி 25 லிட்டர் ஐஸ் ஆகும்போது அந்த ரெண்டு லிட்டருக்கு இடம் எங்க? டேங்க் பிளந்துரும்.

நம்ம பக்கம் மார்கழியில கூட ஐஸுக்கு வழியில்ல. ஐஸ் ஒரே ராத்திரியில செய்யறதை, இங்க உப்பு மாசக்கணக்குல செய்யுது. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல்ல ஒண்ணு. ரெண்டு வாரம், மூணு வாரம் போறவங்க காலி பண்ண வேண்டாம். கரண்டை எடுத்துட்டு, தண்ணி வர்ற வால்வை மூடினா போதும். மூணு மாசத்துக்கு மேல போறவங்களுக்குத்தான் இந்த வேலை.

[திரையில்: 25 லிட்டர் கீசரின் அடிப்பக்கம். நீல வளையம் (தண்ணீர் உள்ளே வரும் பக்கம்), சிவப்பு வளையம் (வெந்நீர் வெளியே போகும் பக்கம்).]

பிளக்கைப் பிடுங்குங்க, மெயின் போர்டுல அதுக்கான எம்சிபி சுவிட்சையும் இறக்குங்க. உள்ள இருக்கிறது கொதிநீர். கரண்டை எடுத்ததும் ஹாட் குழாயைத் திறந்து, பச்சைத்தண்ணியா வர்ற வரைக்கும் ஓட விடுங்க. அப்புறம் நீலப் பக்கத்து ஆங்கிள் வால்வை மூடுங்க. ஹாட் குழாய் திறந்தே இருக்கட்டும். உள்ள இருக்கிற அழுத்தமும் இறங்கும், காத்தும் போக வழி கிடைக்கும்.

நீலப் பக்கத்துல ஒரு பித்தளை வால்வு, சின்ன லிவரோட இருக்கும். அதுதான் சேஃப்டி வால்வு. அதோட பக்கவாட்டு மூக்குல ஒரு டியூபை மாட்டி, கீழ வாளி வச்சு, லிவரைத் தூக்குங்க. ஒரு வாளி பத்தாது, ரெண்டு வாளி வேணும். தண்ணி நூல் மாதிரி மெதுவாத்தான் வரும், அவசரப்படாதீங்க. 'குளுக் குளுக்'னு நின்னு நின்னு வந்தா காத்து சரியா போகலைன்னு அர்த்தம். அப்ப சிவப்புப் பக்கத்து கனெக்‌ஷன் பைப்பைக் கழட்டணும்.

இங்கதான் நிறைய பேர் டேங்கையே கெடுக்கறாங்க. ஒரே ஸ்பேனரைப் போட்டு முறுக்கினா நட்டோட சேர்ந்து டேங்கோட மூக்கும் திரும்பும், வெல்டிங் விட்டுரும். ஒரு ஸ்பேனர் மூக்கைப் பிடிக்கணும், இன்னொண்ணு நட்டைத் திருப்பணும்.

லிவரைத் தூக்கியும் சொட்டுக்கூட வரலைன்னா வால்வுல உப்பு அடைச்சிருக்கு. அதைக் கழட்டிட்டுப் புதுசு போடுங்க. அடைச்ச வால்வை வச்சுக்கிட்டு கீசர் ஓட்டறது ஆபத்து. அழுத்தம் ஏறினா வெளியேற வேற வழி கிடையாது.

[திரையில்: இரண்டு ஆனோடு ராடுகள் அருகருகே. புதியது விரல் கனம், வழவழ சாம்பல் நிறம். பழையது கறையான் அரித்த குச்சி போல, நடுவில் கம்பி தெரிகிறது.]

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. இந்தக் குச்சி என்ன தெரியுமா? உங்க டேங்குக்குப் பதிலா சாகறதுக்குன்னே உள்ள வச்சிருக்கிற மக்னீசியம்.

பாம்பன்லயோ மண்டபத்துலயோ விசைப்படகைக் கரையேத்தி வேலை பார்க்கும்போது, சுக்கான் பக்கம், புரொப்பல்லர் பக்கம் திருகி வச்சிருக்கிற துத்தநாகக் கட்டையைப் பார்த்திருப்பீங்க. கடல் தண்ணியில ரெண்டு உலோகம் ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிட்டு இருந்தா, ரெண்டுல சுலபமா அரிபடற குணமுள்ளது முதல்ல கரையும். துத்தநாகம் கரையற வரைக்கும் இரும்பு பிழைக்கும். உங்க குளியலறையிலயும் அதே வித்தைதான். கீசர் டேங்குக்குள்ள இருக்கிற கண்ணாடிப் பூச்சுல ஊசிமுனை அளவு விரிசல் இருந்தாலும், அங்க இரும்புக்குப் பதிலா மக்னீசியம் கரையும்.

இந்த யோசனைக்கு 200 வயசு. 1824ல ஹம்ஃப்ரி டேவிங்கிற ஆங்கிலேய விஞ்ஞானி, பிரிட்டிஷ் போர்க்கப்பலோட அடியில போர்த்தின செம்புத் தகட்டுல இரும்பு, துத்தநாகத் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார். செம்பு அரிக்கறது நின்னுச்சு. ஆனா செம்பு கரைஞ்சாத்தானே பாசிக்கும் சிப்பிக்கும் அது விஷம்? கரையறது நின்னதும் கப்பலோட அடியில அதெல்லாம் அப்பிக்கிச்சு, கப்பலோட வேகம் குறைஞ்சுருச்சு!

அப்ப படகுக்குப் போடற துத்தநாகத்தையே கீசருக்கும் போடலாமான்னு கேட்பீங்க. வேண்டாம். சுமார் 60 டிகிரிக்கு மேல சூடான தண்ணியில துத்தநாகம் கட்சி மாறிரலாம். அப்ப அது இரும்பைக் காப்பாத்தாது, இரும்புதான் அதுக்காகக் கரையும். அதனால மக்னீசியம்.

அந்த வீட்டுவண்டி ஹீட்டர்ல ஒரு வகை இருக்கு, அதோட அமைப்பை நான் மனசார மெச்சறேன். அதுல தண்ணியை வடிக்கிற மூடியே ஆனோடு ராடுதான். 27 மில்லிமீட்டர் சாக்கெட்டைப் போட்டுத் திருகினா ராடு கையோட வந்துரும், பின்னாலயே தண்ணியும் கொட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை ராடைப் பார்க்காம இருக்கவே முடியாது. நம்ம கீசர்ல அது அடித்தட்டுக்குள்ள, தண்ணியைச் சூடாக்கற எலிமென்ட் பக்கத்துல ஒளிஞ்சிருக்கு. டேங்க் ஒழுகற வரைக்கும் யாரும் பார்க்கறதில்ல. உப்பு கூடின தண்ணியில ராடு சீக்கிரம் தீரும். நம்ம கரையில வருஷம் ஒரு தடவை பார்க்கணும்னுதான் சொல்வேன்.

டேங்க் காலியா இருக்கும்போதே அடித்தட்டைக் கழட்டினா வேலை சுலபம். வாரண்டி இருந்தா கம்பெனி ஆளைக் கூப்பிடுங்க. நீங்களே கழட்டறதா இருந்தா, வயர் எது எங்க இருக்குன்னு முதல்ல ஒரு போட்டோ. தட்டை இறக்கும்போது ஒரு சொம்பு கலங்கல் தண்ணியும் வெள்ளை உப்புச் சில்லுகளும் கொட்டும், வாளி தயாரா இருக்கட்டும். ராடு பாதிக்கு மேல தேய்ஞ்சிருந்தாலோ, நடுக்கம்பி தெரிஞ்சாலோ மாத்திருங்க. மரையும் நீளமும் பொருந்தணும்கிறதால பழசைக் கையோட கடைக்கு எடுத்துட்டுப் போங்க. ரப்பர் கேஸ்கெட்டும் புதுசு போடணும்.

எலிமென்ட்ல படிஞ்ச உப்பைச் சுத்தியலால தட்டாதீங்க. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்). சுருளை மட்டும் ஒரு மணி நேரம் ஊற வைங்க, வயர் முனை நனையக் கூடாது. கழிவறை ஆசிட் கிட்டவே வரக் கூடாது, உலோகத்தையே தின்னுரும்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்றதில்ல. ராடு தண்ணிக்குள்ள இருந்தாத்தான் வேலை செய்யும். காலி டேங்க்ல அதுக்கு வேலையில்ல. உள்சுவர்ல உப்பு ஈரம் மிச்சம் இருந்தா அது அரிச்சுக்கிட்டே இருக்கும். அதனால தட்டை மாட்டினதும், நீலப் பக்கத்து சேஃப்டி வால்வைக் கழட்டிட்டு, சிவப்புப் பக்கத்து மூக்குல ஒரு நீள டியூபை மாட்டி, கீசருக்கு மேல தூக்கிப் பிடிச்சு, புனல் வழியா அஞ்சு லிட்டர் உப்பில்லாத காவிரித் தண்ணி ஊத்துங்க. மேல இருந்து கழுவிக்கிட்டு நீலப் பக்கமா வடிஞ்சுரும். ஒரு நாள் திறந்து வச்சு உலரட்டும்.

சுவிட்ச் மேல டேப் ஒட்டி, 'தண்ணி இல்ல, போடாதே'ன்னு பெரிசா எழுதுங்க. சாவி வச்சிருக்கிற சொந்தக்காரங்க தெரியாமப் போட்டுருவாங்க. 2000 வாட் எலிமென்ட்டுக்கு 25 லிட்டரை 28 டிகிரியில இருந்து 60க்கு ஏத்தவே கிட்டத்தட்ட 28 நிமிஷம் ஆகும். அந்தச் சூட்டை வாங்கிக்கத் தண்ணியே இல்லைன்னா எலிமென்ட் கருகிரும்.

மொட்டை மாடி சோலார் ஹீட்டர் வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு: காலியா வெயில்ல காய்ஞ்ச கண்ணாடிக் குழாய்க்குள்ள பகல்ல தண்ணி விடாதீங்க, வெடிக்கும். விடியறதுக்கு முன்னாடி நிரப்புங்க.

ஊர்ல இருந்து திரும்பி வந்ததும் டேங்க் மூக்குல பழைய டெஃப்லான் டேப்பை எடுத்துட்டு, புதுசா எட்டுப் பத்து சுத்து, மரை இறுகற திசையிலயே சுத்துங்க. பைப் வாஷர் காய்ஞ்சிருந்தா மாத்துங்க. சேஃப்டி வால்வையும் பைப்பையும் மாட்டி முடிச்சு, லிவரை இறக்கிட்டு, ஹாட் குழாயைத் திறந்து வச்சு ஆங்கிள் வால்வைத் திறங்க. முதல்ல காத்தும் தண்ணியுமாத் துப்பும். ஒரே சீரா விழுந்த பிறகு இன்னும் ரெண்டு மூணு வாளி ஓட விடுங்க, எங்கயாவது கசியுதான்னு கையால தடவிப் பாருங்க. அதுக்கப்புறம்தான் சுவிட்ச்.

முதல் தடவை 60 டிகிரிக்கு மேல காய வச்சு, ஜன்னலைத் திறந்து வச்சு, அந்தத் தண்ணி முழுசையும் வாளியில பிடிச்சுக் கொட்டிருங்க. குழாய்ல தேங்கின தண்ணியில நுரையீரலைத் தாக்கற லெஜியோனெல்லா கிருமி வளரலாம், ஷவர் சாரலோட மூச்சுல போகும். வந்த அன்னிக்கே ஷவர்ல நிக்காதீங்க.

உங்க ஊர்ப் போர் தண்ணிக்கு ராடு எத்தனை மாசம் தாங்குச்சுன்னு ஊர் பேரோட கமெண்ட்ல எழுதுங்க. உச்சிப்புளிக்காரங்க எழுதறது ஏர்வாடிக்காரங்களுக்கு உதவும்.