காய்ச்சலின் இரண்டாம் நாள்

எல்லோருக்கும் வணக்கம். மழை விட்டதும் வெள்ளவத்தைப் பக்கம் டெங்கு பற்றிப் பேசக் கூப்பிடுவார்கள். நுளம்பை நான் தொடப்போவதில்லை. அதை மாநகர சபைக்காரர்கள் வாசலுக்கே வந்து சொல்கிறார்கள். நான் பேச வந்தது, கிருமியில் ஒட்டும் பிறபொருளெதிரிகளைச் செய்யும் வெண்குருதிக் கலங்களான பி கலங்களைப் பற்றி.

காய்ச்சல் தொடங்கி இரண்டாம் நாளே பிறபொருளெதிரிப் பரிசோதனை செய்து, "ஐஜிஎம் நெகட்டிவ், டெங்கு இல்லை" என்று நிம்மதியாக வீடு போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நிம்மதியை நம்ப முடியாது. அன்று இரத்தத்தில் தேட வேண்டியது வைரசையும் அதன் என்எஸ்1 புரதத்தையும். ஐஜிஎம் என்பது உடல் முதலில் செய்யும் பிறபொருளெதிரி; அது தென்பட ஐந்தாம் நாள் அளவில் ஆகும்.

ஏன் இவ்வளவு சுணக்கம்? பி கலங்கள் கோடிக்கணக்கில் இருந்தாலும் ஒவ்வொன்றும் கிருமியைப் பிடிக்கும் ஒரே வகை வாங்கியைத்தான் மேலே வைத்திருக்கும். அதன் வடிவம், கலம் எலும்பு மச்சையில் உருவாகும்போதே மரபணுத் துண்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்தி முடிவாகிவிடும். இதைக் கண்டுபிடித்த சுசுமு தொனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே புதிய வைரசுக்குப் பொருந்தும் கலங்கள் மிகச் சிலவே. அவை வைரசைப் பிடித்து விழுங்கி, துண்டுகளை உதவி ரி கலம் என்ற இன்னொரு வெண்குருதிக் கலத்துக்குக் காட்டி, அதன் சம்மதம் கிடைத்த பிறகுதான் முழு மூச்சாகப் பெருகும்.

பெருகியவற்றில் ஒரு பகுதி பிளாஸ்மா கலங்களாகும். நுணுக்குக்காட்டியில் அவற்றை உடனே பிடித்துவிடலாம்: கரு ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும், மீதி இடமெல்லாம் புரதம் செய்யும் வலை. விநாடிக்கு ஆயிரக்கணக்கில் பிறபொருளெதிரிகள் வெளியே வரும். இன்னொரு பகுதி நிணநீர்க்கணுவில் தங்கி, தன் பிறபொருளெதிரி மரபணுவில் மாற்றங்களைச் செய்துகொண்டே இருக்கும். இறுகப் பிடிப்பவை தப்பும், மற்றவை சாகும். எனக்கு இதுதான் முழு விசயத்திலும் அதிசயமான இடம். தப்பியவற்றில் சில ஞாபகக் கலங்களாக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

சரி, அப்படியானால் இரண்டாம் டெங்கு ஏன் சிலவேளை மோசமாகிறது? டெங்கு வைரஸ் நான்கு வகை. 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர்கள் பதிவானார்கள். பரவியது பெரும்பாலும் இரண்டாம் வகை. அப்போது உண்டான பிறபொருளெதிரி, பிறகு வரும் வேறொரு வகை வைரசிலும் ஒட்டும், ஆனால் அதை அடக்காது. ஒட்டிய நிலையிலேயே வைரசை வெண்குருதிக் கலத்துக்குள் ஏற்றிவிடவும் கூடும்.

தடுப்பூசியிலும் இதுவே தடங்கலாயிற்று. டெங்வாக்சியா பிலிப்பைன்சில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போடப்பட்ட பிறகு, 2017 நவம்பரில் அதைச் செய்த சனோபி நிறுவனம், முன்பு டெங்கு வராதவர்களுக்கு அது பின்னாளில் நோயைக் கடுமையாக்கலாம் என்று அறிவித்தது. அதன் பிறகு அந்த ஊசிக்கு முன் இரத்தத்தில் பழைய பிறபொருளெதிரி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள்.