கிரைண்டர் ஓடுகிற நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

வாசிப்பு என்றதும் எனக்கு முதலில் வருவது உளுந்து மாவின் வாசனைதான். ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம், தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரில் வளர்ந்தவள். வீட்டில் ஏழு பேர். வாரத்தில் நான்கு நாள் காலையில் இட்லி, இல்லையென்றால் தோசை. புறவாசலில் வேப்பமரத்தடியில் ஆட்டுரல் கிடந்தது. மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்ததும் அம்மா அதன் முன்னால் போய் உட்காருவாள். வலது கை குழவியைச் சுற்றும். இடது கை ஓரத்தில் ஒதுங்குகிற மாவை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். உளுந்துக்கும் அரிசிக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். எழும்போது ஒரு கையை முட்டியில் ஊன்றித்தான் எழுவாள்.

அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவள். படிக்கப் பிடிக்கும். கடையில் சீனி கட்டித் தருகிற காகிதத்தைப் பிரித்து, நீவி, நின்றுகொண்டே படித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவாள். ஆனால் மாவு ஆட்டும்போது இரண்டு கைக்கும் வேலை இருக்கிறதே. புத்தகத்தை எந்தக் கையால் பிடிப்பது?

1984-ல் எங்கள் வீட்டுக்குக் கிரைண்டர் வந்தது. கோயம்புத்தூரில் செய்தது. 1950-களில் அங்கே சபாபதி என்பவர்தான் ஆட்டுக்கல்லை மின்சாரத்தில் ஓடவிட்டார் என்று சொல்வார்கள். ஆட்டுரலில் கல் அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரில் குழவி நிற்கும், கல் சுற்றும். இந்தச் சின்னத் தலைகீழ் மாற்றத்தில் தமிழ்நாட்டுப் பெண்களின் எத்தனை கோடி மணி நேரம் மிச்சமாகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். 2011 செப்டம்பரில் அரசு ரேஷன் அட்டைக்கு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது அதை இலவசம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. மாவு ஆட்டித் தோள் வலித்த ஒருத்தியின் மகளாக, நான் அதை மனதார வரவேற்றேன்.

கிரைண்டர் வந்தும் அம்மாவால் அதை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போக முடியவில்லை. உளுந்து அப்படிப்பட்ட சரக்கு. வெந்தயம் ஒரு கரண்டி சேர்த்து ஊறவைத்த உளுந்தை முதலில் போட வேண்டும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளங்கையில் எடுத்துத் தெளிக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீராக இருந்தால் நல்லது, மாவு சூடேறாது. அரை மணி நேரத்தில் பொங்கி வந்து, வழித்தால் பஞ்சு மாதிரி கையில் நிற்கும். பதம் தெரியவில்லையென்றால் ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு மாவை விட்டுப் பார்க்கலாம். மிதந்தால் சரி. அதற்குப் பிறகு அரிசி. அதை மை மாதிரி அரைக்காமல், விரலில் லேசாக நெருடுகிற பதத்தில் எடுத்துவிட வேண்டும்.

ஆக, பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆனால் கை சும்மா இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் அம்மா புத்தகம் எடுத்தாள்.

ஊரில் ஒரு கிளை நூலகம் உண்டு. 1948-லேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டதால், வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டி வருகிறோம். நூலகத்தில் இருப்பது நம் காசில் வாங்கிய புத்தகம்தான் என்பது பல பேருக்குத் தெரியாது. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகத்துக்கென்று அவர் 1931-ல் ஐந்து விதிகளை எழுதினார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. புத்தகத்தைத் தேடி வாசகர் அலையக் கூடாது என்பதற்காக அவர் சொன்னது. கல்லூரியில் அதைப் படித்தபோது எனக்கு எங்கள் அடுப்படிக் கிரைண்டர்தான் கண்முன் வந்தது.

வாரம் இரண்டு புத்தகம் எடுத்து வருவது என் வேலை. வந்ததும் அம்மா செய்தித்தாளைக் கிழித்து அட்டை போடுவாள், மாவுக்கை பட்டுவிடக் கூடாதே என்று. தண்ணீர் தெளித்த கையைச் சேலை முந்தியில் துடைத்துவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்புவாள். அப்படியும் சில பக்கங்களின் ஓரத்தில் வெள்ளையாக விரல் தடம் விழுந்துவிடும். காய்ந்ததும் நகத்தால் மெதுவாகச் சுரண்டி எடுப்பாள்.

ஒரு நாள் நான் குறுந்தொகை உரைநூல் ஒன்றைக் கொண்டுவந்தேன். எனக்கு வேண்டும் என்று எடுத்தது. அம்மா சும்மா புரட்டிக்கொண்டிருந்தவள், ஓரிடத்தில் நின்றுவிட்டாள். "ஏட்டி, இதைக் கேளு" என்று உரக்கப் படித்தாள். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

அது 167-ஆவது பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் வைத்த பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய் சொல்வது. அந்தப் பெண் கட்டித் தயிரை விரலால் பிசைகிறாள். அந்தக் கையைக் கழுவாமலே நழுவிய சேலையை இழுத்து உடுத்திக்கொள்கிறாள். தாளிக்கும் புகை கண்ணில் ஏற, தானே துழாவிப் புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் அதை இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மகிழ்ந்தது என்று பாட்டு முடிகிறது.

அம்மா தன் முந்தியைப் பார்த்தாள். அதில் மாவு அப்பியிருந்தது. "இவளும் துடைச்சிருக்கா பாரு" என்றாள். எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்தைய ஒருத்தியைப் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அவனுக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

அப்பா நல்ல மனிதர். ஆனால் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். உப்பு இல்லையென்றாலும் பேச மாட்டார், ருசியாக இருந்தாலும் பேச மாட்டார். அது பொறுமை என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சொதி வைத்தாள். தேங்காயைத் திருகி மூன்று முறை பால் எடுத்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருவதற்குள் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் வைத்தாள். அப்பா இரண்டாவது முறை ஊற்றிக்கொண்டார். நான்தான் கேட்டேன், "சொதி எப்படிப்பா இருக்கு?" அவர் நிமிர்ந்து பார்த்து, "நல்லா இருக்குல்லா" என்றார். அவ்வளவுதான். அம்மா பச்சடிக் கிண்ணத்தை எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டாள். நுண்ணிதாக என்ற சொல்லுக்கு எந்த உரையாசிரியரும் தராத பொருளை அவள் திரும்பிய வேகத்தில் நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து சாப்பாடு நன்றாக இருந்தால் வாய்விட்டுச் சொல்வதை ஒரு கடமையாகவே வைத்திருக்கிறேன். என் பிள்ளைகளையும் பழக்கியிருக்கிறேன்.

அப்பா இப்போது இல்லை. அம்மா என்னோடு இருக்கிறாள். என் வீட்டில் இருப்பது மேடையில் வைக்கிற சின்னக் கிரைண்டர். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, பொடி எழுத்து தெரிவதில்லை. அதனால் சனிக்கிழமை மாலையில் நான் முக்காலியைப் போட்டுக்கொண்டு வாசிக்கிறேன், அவள் சுவரில் சாய்ந்து கேட்கிறாள். சத்தமாக இருக்கிறதே, கொஞ்சம் நிறுத்திவிட்டுப் படிக்கட்டுமா என்றால் சம்மதிக்க மாட்டாள்.

போன சனிக்கிழமை பாதிக் கதையில் கையை நீட்டினாள். கொஞ்சம் மாவை வழித்து உள்ளங்கையில் வைத்தேன். பெருவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்துப் பார்த்தாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் ஓடட்டும். நீ அடுத்த பக்கத்தைப் படி" என்றாள்.