லினக்ஸின் பெரிய பூட்டு

நேயர்களுக்கு வணக்கம். பல லட்சம் வரிகள் கொண்ட பழைய மென்பொருளில்தான் என் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கேட்பார்கள்: "சார், இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசா எழுதிடலாமா?" அவர்களுக்கு நான் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் இருந்த பெரிய பூட்டைப் பற்றிச் சொல்வேன்.

1996-ல் வந்த லினக்ஸ் 2.0, ஒரே கணினியில் பல பிராசஸர்கள் ஓட வழி செய்தது. லினக்ஸின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். இரண்டு பிராசஸர்கள் ஒரே நேரத்தில் கெர்னலுக்குள் புகுந்தால் தகவல் குழம்பிவிடும். அதனால் கெர்னல் முழுமைக்கும் ஒரே பூட்டு. ஒன்று உள்ளே இருந்தால் மற்றது வாசலில் காத்திருக்கும். அன்றைக்கு அது சரியான முடிவுதான். பிராசஸர்கள் பெருகப் பெருக, வாசலில் கூட்டம் சேர்ந்தது.

பூட்டை எடுத்துவிட வேண்டியதுதானே? முடியாது. அதை நம்பி எத்தனையோ டிரைவர்கள், அதாவது சாதனங்களை இயக்கும் நிரல்கள், எழுதப்பட்டிருந்தன. எந்தத் தகவலைக் காக்க அந்தப் பூட்டு என்று பல இடங்களில் யாரும் குறித்துவைக்கவில்லை.

லினக்ஸை எழுதுபவர்கள் செய்ததைக் கேளுங்கள். சாதனத்துக்குக் கட்டளை சொல்ல, டிரைவருக்கு 'ஐஆக்டில்' என்று ஓர் அழைப்பு போகும். அழைக்கும் கெர்னலின் பொதுப் பகுதியே பூட்டைப் போட்டுவிட்டுத்தான் டிரைவரைக் கூப்பிடும். 2005-ல் அதன் பக்கத்திலேயே 'அன்லாக்டு ஐஆக்டில்' என்று பூட்டில்லாத இன்னொரு வாசலைத் திறந்தார்கள். பல டிரைவர்களை அங்கே மாற்றும்போது, அதே பூட்டை டிரைவருக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். நடப்பதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால், மறைந்திருந்த பூட்டு இப்போது கண்ணுக்குத் தெரிகிறது! அப்புறம் அந்த ஒரு டிரைவரை மட்டும் படித்துப் பார்த்து, அதற்கென்று சின்னப் பூட்டு போடலாம், அல்லது எடுத்தேவிடலாம். எல்லா டிரைவரும் மாறிய பிறகே பழைய வாசலை மூடினார்கள். 2011 மே மாதம், 2.6.39 பதிப்பில், பெரிய பூட்டே போய்விட்டது. 15 ஆண்டுகள்! அத்தனை காலமும் அந்த லினக்ஸில் உலகமெங்கும் சர்வர்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தன.

எதையும் மாற்றாத அந்த முதல் படியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். எங்கள் பில்லிங் கோடில் ஒரு பொது ஃபங்ஷன், தொகையை ரவுண்டு செய்து அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரியை, அதை அழைக்கும் 14 இடங்களுக்கும் இறக்கினோம். ஒரு பில்கூட மாறவில்லை. ஆனால், இரண்டு இடங்களில் அதே தொகை இன்னொரு முறையும் ரவுண்டு ஆவது அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது.